செத்ததாக எழுதிய அறுபத்து மூன்று

அவளுக்குப் பெயர் வைத்தது பெற்றவர்கள், பட்டம் வைத்தது அக்கா புருஷன். அக்காவின் கல்யாணத்தன்று மண்டப வாசல் பலகையில் தேதியை ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தார்கள். வந்தவர் போனவர் யார் கண்ணிலும் அது படவில்லை, அவள் கண்ணில் பட்டது. சும்மா இருந்தாளா? மாப்பிள்ளையையே முக்காலியில் ஏற்றி அழித்து எழுத வைத்தாள். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ‘ஆடிட்டர்’ பதினான்கு வருடமாக அவளை விடவில்லை. வீட்டிலும் அதுதான் பெயர், வேலை செய்யும் இடத்திலும் அதுதான். சம்பளப் பட்டியலில் வேறு என்னவோ எழுதியிருக்கும், அது கிடக்கட்டும்.

பட்டம் என்னவோ பொருத்தமானதுதான். யாராவது “போன செவ்வாய்க்கிழமை” என்று வாயைத் திறந்தால் “செவ்வாய் இல்ல, புதன்” என்பாள். பார்த்தால் புதனாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சலே. தான் செய்தது தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டதை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கண்டதில்லை. ஒத்துக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை என்பது அவள் கட்சி.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை மரக்கன்றுகளை எண்ணுவது.

வண்டிப்பாதை முடிகிற இடத்தில் ஒரு காலத்தில் மாடு மேய்ந்த நிலம் இருந்தது. மாட்டுக்காரர்கள் விட்டுப் போய் இருபது வருடம் ஆகிவிட்டது. முதலில் வந்து இடம்பிடித்தவை மெலிந்த, மளமளவென்று வளர்கிற மரங்கள். தூசி போன்ற விதை காற்றில் வரும், வருடத்துக்கு ஓர் ஆள் உயரம் ஏறும், முப்பது வருடத்துக்குள் ஆயுசு முடிந்து சாயும். களப்பணியாளர்கள் அவற்றை ‘அவசரக்குடுக்கை’ என்றுதான் சொல்வார்கள். அவற்றின் நிழலில் நிதானமான ஆட்கள் வந்து சேர்ந்தால்தான் அது காடு. முக்கியமாகக் குண்டுக்கொட்டை. அதன் விதை எலுமிச்சம்பழப் பருமன். தூரத்துப் பழங்காட்டிலிருந்து பெரிய அலகுப் பறவைகள் விழுங்கிக்கொண்டு வந்து கக்கினால்தான் உண்டு. கக்கியதில் பாதியை எலி தின்றுவிடும். மிச்சம் முளைத்து, ஒரு முழம் வளர்ந்து, அப்படியே வருடக்கணக்கில் நிற்கும். தலைக்கு மேல் ஓர் அவசரக்குடுக்கை சாய்ந்து வெளிச்சம் விழுகிற நாளுக்காக அதற்கு அவ்வளவு பொறுமை.

அந்த நிலம் தானாகக் காடாகுமா, ஆகாதா? ஆகும் என்றால் விட்டுவிடுவது, ஆகாது என்றால் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டு ஒரே சாதி மரத்தை வரிசையாக நடுவது. இதைத் தீர்மானிக்க அவள் வேலை செய்த வன அலுவலகம் ஓர் எண்ணை வைத்தது. நிலத்துக்குள்ளே அளந்து பிரித்த நான்கு கட்டங்கள். அந்த நான்கிலும் சேர்த்து, ஆறாம் வருடம் குண்டுக்கொட்டைக் கன்று முப்பது உயிரோடு இருக்க வேண்டும். இருபத்தொன்பது என்றால் புல்டோசர் வரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி. ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் எண் அடித்த சின்ன அலுமினியத் தகடு. கம்பியிலிருந்து கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று ஒவ்வொன்றின் இடமும் அவளுடைய புத்தகத்தில் இருந்தது. மொத்தம் எழுபத்தொன்று. இந்தக் கோடையில் மூன்று மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. கோடை முடிவில் அவள் எண்ணினாள். அறுபத்து மூன்று செத்தது, எட்டு உயிர். செத்ததன் தகட்டைக் கழற்றித் தகர டப்பாவில் போட வேண்டும் என்பது விதி. போட்டாள், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஆடிட்டர் கொடுத்த கணக்கை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் ஆறு வருடத்தில் வந்ததே இல்லை.

அந்த எண்ணிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. இலை இல்லாத கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அடித்தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். ஆனால் முந்தைய வருடம் சுரண்டிய இடத்தில் பூஞ்சை பிடித்து ஏழெட்டு கன்று அழுகிப் போனதை அவள்தான் கண்டுபிடித்தாள். அதிலிருந்து அவளுக்கு மனசு வரவில்லை. இந்த முறை சுரண்டாமல் நுனியை மட்டும் ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தால் செத்தது என்று எழுதினாள். பாவம் பார்த்துச் செய்த காரியம்.

இன்றைக்குக் காலையில் டோசர் வந்து பாதை ஓரமாக நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் வேறு யாருமில்லை, அக்கா புருஷன்தான். நான்கு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அக்காவின் வாயில் விழுந்து எழுந்த மனிதர். பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வா ஆடிட்டர். டீ குடிக்கிறியா, இல்ல அதையும் அளந்து பாக்கணுமா?”

“மூடி பாதிதான் நிறைஞ்சிருக்கு. உங்களுக்கே பத்தாது மாமா” என்றாள் அவள், நிற்காமல்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?”

“ஆர்டர் பேப்பர்ல ஏழரைன்னு போட்டிருக்கு. படிக்கலையா?”

அவளுக்குப் பேச்சில் மனசு இல்லை. அலுவலகச் சாமான்களை, அதாவது மூலைக்கம்பிகள், விழும் விதையைப் பிடிக்கக் கட்டிய வலைகள், அளவு நாடா எல்லாவற்றையும், டோசர் வருமுன் பிடுங்கிச் சாக்கில் கட்டுவது அவள் பொறுப்பு. ஆறு வருடம் முட்டிக்கால் போட்டு ஊர்ந்த இடம். துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு கணக்குதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பாதைக்கு அருகில் இருந்த முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்திலும் கம்பிகளைப் பிடுங்கி, வலைகளை அவிழ்த்தாள். மழை பெய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. சருகு ஈரமாகக் கனத்துக் கிடந்தது. குனிந்த தலை நிமிராமல் வேலை செய்ததில் அவள் எதையும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் கட்டத்தில் முதல் கம்பியை ஆட்டிப் பிடுங்கும்போதுதான் முதுகுக்குப் பின்னால் டோசர் உறுமிக் கிளம்பியது. மணி ஏழரை. கம்பி கையோடு வந்த வேகத்தில் அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கை ஊன்றிய இடத்துக்குப் பக்கத்தில், சருகுக்கு மேல், விரல் நீளத்தில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

குண்டுக்கொட்டையின் கொழுந்து சிவப்பாகத்தான் இருக்கும், துவண்டு தொங்கும். ஆறு வருடம் பார்த்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சருகை விலக்கினாள். மண்ணை ஒட்டிய அடித்தண்டிலிருந்து கொழுந்து கிளம்பியிருந்தது. பக்கத்தில் பழைய தண்டு காய்ந்து நின்றது. அதன் நுனி கச்சிதமாக ஒடிக்கப்பட்டிருந்தது. ஒடித்தது அவளுடைய கட்டைவிரல்.

கட்டைவிரல் நகத்தால் அடியில் மயிரிழை அளவு சுரண்டினாள். பச்சை. புத்தகத்தைப் பிரித்தாள். அந்த இடத்தில் நாற்பத்தொன்றாம் எண், நேராக ‘செத்தது’ என்று அவளுடைய அழகான கையெழுத்து.

இரண்டடி தள்ளி இன்னொன்று. கட்டத்தின் ஓரத்தில் ஒரு மர வேரோரமாக இன்னொன்று. இது வெறும் மொட்டு, இலை இன்னும் விரியவில்லை. மேலே காய்ந்து, கீழே வேரில் சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டு மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக் கிடந்திருக்கின்றன. அவள் நுனியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மூன்றாம் கட்டத்தின் மேல்பக்கம் ஒரு பாறை உண்டு. அதில் ஏறினால்தான் போனில் சிக்னல். கால் வழுக்க ஏறி அலுவலகத்து மேடத்துக்கு அடித்தாள். மேடம் அவளைவிட ஐந்து வயது சின்னவர், கறார் பேர்வழி, சிரித்தால் ஏதோ குறைந்துவிடும் என்று நினைப்பவர். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

“மேடம், வேலையை நிறுத்தச் சொல்லுங்க. கன்னு துளிர்த்திருக்கு. செத்ததா எழுதினது எல்லாம் துளிர்க்குது.”

“எல்லாம்னா எத்தனை?”

“இப்போதைக்கு மூணு பாத்தேன்.”

“மூணு.” மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். “தகடு இருக்கா அதுல?”

“இல்ல மேடம். நான்தான் கழட்டினேன்.”

“தகடு இல்லைன்னா அது புதுக் கன்னு. புதுக் கன்னு ஒரு வருஷம் நின்னாதான் கணக்குல வரும். உங்களுக்குத் தெரியாததா?”

“புதுசு இல்ல, பழசு. இடம் புத்தகத்துல இருக்கு. அளந்து காட்டறேன்.”

மேடம் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். “நான் பதினொரு மணிக்கு அங்க வரேன். முப்பது காட்டுங்க, நிறுத்தறேன். அதுவரைக்கும் போன்ல நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க கையெழுத்துப் போட்ட கணக்கை வெச்சுதான் மேலிடம் உத்தரவு போட்டிருக்கு. தப்பா எழுதினேன்னு நீங்க எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

தெரியாமலா? அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கும் காகிதம் மேலிடத்தில் காத்திருந்தது. அந்தக் காகிதம் முழுக்க எழுதியிருந்ததெல்லாம் ஒரே விஷயம்தான்: பிழையற்ற கணக்கு.

பாறையிலிருந்து இறங்கி ஓடினாள். முகத்தில் கொடி அடித்தது. முதல் கட்டம் இருந்த இடத்துக்கு வந்தபோது முதல் கட்டம் இல்லை. அவசரக்குடுக்கை மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. செம்மண் குவியல் இடுப்பளவு. அதில் உயிரோடு நின்ற ஒன்றும், செத்ததாக எழுதிய பதின்மூன்றும் போன இடம் தெரியவில்லை. டோசர் பின்வாங்கி, பிளேடைத் தூக்கி, இரண்டாம் கட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் போய் பிளேடுக்கு முன்னால் நின்றாள். கையை விரித்துக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

டோசர் குலுங்கி நின்றது. மாமா எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

“பைத்தியமா உனக்கு? ஒரு நிமிஷம் நான் கண்ணை எடுத்திருந்தா? உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

“மாமா, உள்ள வராதீங்க. கன்னு உயிரோட இருக்கு.”

“எது?”

“குண்டுக்கொட்டை. துளிர்த்திருக்கு. பதினொரு மணிக்கு மேடம் வராங்க. அதுவரைக்கும் நிறுத்துங்க.”

மாமா இறங்கவில்லை. லீவர்களில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். “எனக்கு இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள இதைச் சமமாக்கணும். நாலு மாசம் கழிச்சுக் கிடைச்ச வேலை. செத்துப்போச்சுன்னு பேப்பர் வந்ததாலதான் நான் வந்தேன். அந்தப் பேப்பர் யாரு எழுதினது?”

“நான்தான்.”

“நீதானே? அப்ப எது தப்பு? பேப்பரா, துளிரா?”

இரண்டாம் கட்டம் முதுகுக்குப் பின்னால் இருபதடியில் இருந்தது.

“நான்தான் தப்பு மாமா” என்றாள். “நுனியைப் பாத்து எழுதிட்டேன். அடியைப் பாக்கல. பாத்திருக்கணும். பாக்காம எழுதிட்டேன்.”

கிண்டலாக ஏதோ வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர் தன் காலடியில், பெடலுக்குப் பக்கத்தில் எதையோ ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

“பாதையை அகலப்படுத்தறதும் பேப்பர்ல இருக்கு. அதை முதல்ல பண்றேன். பதினொண்ணு வரைக்கும்தான். அதுக்கப்புறம் உங்க மேடம் சொல்றதுதான், நீ சொல்றது இல்ல.”

மூன்று கட்டம், ஐம்பது இடம், மூன்று மணி நேரம். முன்பே உயிரோடு இருந்ததாக எழுதிய எட்டில் ஒன்று முதல் கட்டத்தோடு போய்விட்டது, ஏழு மிச்சம். இன்னும் இருபத்து மூன்று வேண்டும்.

நான்காம் கட்டத்தில் கம்பிகள் நான்கும் அப்படியே இருந்தன. நாடாவை மாட்டி, புத்தகத்தைச் சருகில் விரித்து, ஒவ்வொரு எண்ணாகப் போனாள். இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், சருகை விரலால் விலக்க வேண்டும், துளிரோ மொட்டோ தெரிந்தால் சுற்றி நாலு குச்சி நட வேண்டும். சில இடத்தில் தண்டு விரலோடு மட்கி வந்தது. அவை நிஜமாகவே செத்தவை. பதினாறில் எட்டு உயிர். மூன்றாம் கட்டத்தில் அவள் பிடுங்கிய ஒரே கம்பியை அதே துளையில் திரும்ப நட்டாள். பதினேழில் ஒன்பது. கையெல்லாம் மண், நகக்கண்ணில் ரத்தம். பாதைப்பக்கம் டோசர் சத்தம் ஒரு நேரம் தூரத்தில் கேட்டது, ஒரு நேரம் காதுக்குள் கேட்டது. பாதை அந்த நிலத்தின் ஓரமாக வளைந்துதான் முடிகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டாம் கட்டத்துக்கு வந்தபோது மணி பத்தேகால். அங்கேதான் வினை. நான்கு கம்பியையும் காலையில் அவளே பிடுங்கிச் சாக்கில் கட்டியிருந்தாள். ஈரமண் துளைகளை மூடிவிட்டது, மேலே சருகு. கம்பி இல்லாமல் எதிலிருந்து அளப்பது? தவழ்ந்து தவழ்ந்து தேடினாள். ஒரு துளை கிடைத்தது. அதுவும் எலி வளையோ என்னவோ. பாழாய்ப்போன சுறுசுறுப்பு, யாராவது கேட்டார்களா இவ்வளவு சுத்தமாகப் பிடுங்கச் சொல்லி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. இரண்டாம் கட்டத்தில் உயிரோடு இருந்த கன்றுகள் இரண்டு. அவற்றின் தகடு கழுத்திலேயே இருக்கிறது. அவற்றின் இடம் புத்தகத்தில் இருக்கிறது. கம்பியிலிருந்து கன்றை அளக்க முடிந்தால் கன்றிலிருந்து கம்பியையும் அளக்கலாமே? நாடாவைப் பின்னோக்கி இழுத்தாள். இரண்டு அளவும் வெட்டிக்கொண்ட இடத்தில் சருகைத் தள்ளினாள். துளை இருந்தது. எலி வளை என்று அவள் நினைத்ததற்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

பதினேழில் பதின்மூன்று இடம் பார்த்து நான்கு உயிர் கண்டுபிடித்திருந்தபோது ஜீப் வந்து நின்றது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். மேடம் கையைக் காட்டி, “நீங்க பாருங்க” என்றார். மேடம் பக்கத்தில் நின்று பார்க்க, மிச்சம் நான்கு இடத்தையும் அளந்தாள். முதலாவது மட்கியிருந்தது. இரண்டாவது மொட்டு. மூன்றாவது மட்கல். நான்காவதில் ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியால் மண்ணைத் துடைத்துத் துடைத்து, ஒரு நெல்மணி அளவு சிவப்பைக் கண்டாள்.

“ஆறு” என்றாள். “எட்டு, ஒன்பது, ஆறு. இருபத்து மூணு. பழைய ஏழு. முப்பது.”

மேடம் ஒன்றுவிடாமல் நடந்து, குனிந்து, முப்பதையும் தானே எண்ணினார். நாலைந்து இடத்தில் நாடாவைப் பிடித்தும் பார்த்தார். திரும்பி வந்து புத்தகத்தை மூடினார்.

“முப்பதுதான். ஆனா ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போட்ட கணக்கை மாத்தணும்னா கோப்புல மாதிரி வைக்கணும். செத்ததா எழுதினதுல ஒண்ணு, வேரோட.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “பிடுங்கணுமா?”

“பிடுங்கி, காயவெச்சு, உறையில போட்டு மூடணும்.”

“பிடுங்கினா இருபத்தொன்பது மேடம்.”

“தெரியும்.”

“பக்கத்துல தோண்டி வேரைப் போட்டோ எடுத்துக்கங்க. கட்டத்துக்கு வெளிய துளிர்த்திருக்கும், அதுல ஒண்ணு எடுத்துக்கங்க.”

“வெளிய இருக்கறதைச் செத்ததா நீங்க எழுதவே இல்லையே? போட்டோ செல்லாதுன்னு விதியிலேயே இருக்கு.” மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் நம்பறேன். கோப்பு நம்பாது. மாதிரி இல்லாம நான் அனுப்பினா நாளைக்கே திருப்பி அனுப்புவாங்க. பழைய கணக்குதான் நிக்கும். நாளன்னைக்கு வேற ஆள் டோசரோட வருவான்.”

எடுத்தாலும் போயிற்று, எடுக்காவிட்டாலும் போயிற்று. அவள் முட்டிக்கால் போட்டபடியே அந்த நெல்மணிச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கன்று. முதல் கட்டத்தில் உயிரோடு நின்ற அந்த ஒன்று இருந்திருந்தால் போதும். காலையில் குனிந்த தலையை ஒரு தடவை, ஒரே தடவை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்திருந்தால் போதும்.

டோசர் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பதினொன்று ஆகிவிட்டது. மாமா மரங்களுக்கு நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் எஞ்சின் துடைக்கிற துணி, சொட்டச் சொட்ட ஈரம். அதில் எதையோ சுருட்டி வைத்திருந்தார்.

“இது உதவுமான்னு பாருங்க” என்றார், மேடத்தைப் பார்த்து.

துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு கன்று. வேர் விரல் பருமனில், பழுப்பேறி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அடியில் இரண்டு சிவப்புக் கொழுந்து. பக்கத்தில் காய்ந்த தண்டு, அதன் நுனி ஒடிந்திருந்தது.

“எங்க எடுத்தீங்க?” என்றார் மேடம்.

“முதல்ல தள்ளினேனே, அங்க. பிளேடுக்கு முன்னால வந்து விழுந்துச்சு.”

மேடம் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். “வேர் மூணு நாலு வருஷத்து வேர். தகடு இல்லை.” நுனியைத் தடவினார். “இது தானா ஒடிஞ்சது இல்லையே? விரலால ஒடிச்சது. காட்டுக்குள்ள வந்து கன்னு கன்னா நுனி ஒடிக்க வேற யாரும் கிடையாது.” அவளைப் பார்த்தார். “உங்க கைதானே?”

“என் கைதான்” என்றாள் அவள்.

மேடம் மாதிரி உறையை எடுத்தார். அதன்மேல் எழுதினார். பிறகு நீட்டிய காகிதத்தில் அவள் ‘அறுபத்து மூன்று என்று நான் எழுதியது தவறு’ என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கீழே ஒப்பமிட்டாள். மேடம் அதைப் படித்துவிட்டு, “வேலையை நிறுத்தியாச்சு” என்றார். அடுத்த வாக்கியத்தையும் அதே குரலில் சொன்னார்: “அடுத்த எண்ணிக்கையை வேற ஆள் எடுப்பாங்க. உங்க நிரந்தரம் இந்த வருஷம் நடக்காது. நான் வருத்தப்படறேன்.”

“சரி மேடம்.”

வலித்தது. ஆறு வருடம் அவள் சேர்த்து வைத்திருந்தது அது ஒன்றுதான். ஆனாலும் சுற்றிலும் நட்டிருந்த குச்சிகளைப் பார்த்தபோது மூச்சு சீராக வந்தது. ஜீப் போனது.

அவளும் மாமாவும் பாதைப்பக்கம் நடந்தார்கள். முதல் கட்டத்துக் குவியல் அருகே வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

“அது விழுந்தப்பவே பாத்துட்டேன்” என்றார். “நீ வர்றதுக்கு முன்னால. ஆறு வருஷமா சாப்பிடும்போதெல்லாம் சிவப்புக் கொழுந்து, சிவப்புக் கொழுந்துன்னு சொல்லுவியே. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எடுத்து வெச்சேன், சாயந்தரம் உன்கிட்ட காட்டிக் கிண்டல் பண்ணலாம்னு. ஆடிட்டர் கணக்குல ஓட்டைன்னு.”

“அப்புறம் ஏன் தள்ளினீங்க?”

அவர் துணியைப் பிழிந்தார். சொட்டு நின்ற பிறகும் பிழிந்தார்.

“அப்புறம் நீ எழுதியிருக்கியேன்னு தோணிச்சு. செத்துப்போச்சுன்னு நீ எழுதினா செத்துதான் போயிருக்கும். என் கண்ணுதான் தப்பா பாத்திருக்கும்னு நெனச்சேன். உன்கிட்ட ஒரு தடவையாவது நான் ஜெயிச்சிருக்கேனா? அதான் இன்னும் ரெண்டு தடவை தள்ளினேன்.”

அவளுக்கு மேடம் சொன்னது வலித்ததைவிட இது வலித்தது. எப்போதும் சரியாகச் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் இருப்பவனின் கண்ணையே அவள் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

மாமா குவியலைக் காலால் லேசாகத் தொட்டார். “இதுக்குள்ள இன்னும் ஏதாவது உயிரோட இருக்குமா? எத்தனை இருக்கும்? சொல்லு, நீ சொன்னா தோண்டறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். பதினான்கு வருடமாக எந்தக் கேள்விக்கும் அந்த வாய் பதில் இல்லாமல் மூடியதில்லை.

“தெரியல மாமா” என்றாள்.

அவருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நிஜமாவே தெரியல. நீங்களும் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.